குடிவரவுக் காவலில் இருப்பவருக்கு பாண்டு (வெளியே எடுக்கக் கட்டும் பிணைத் தொகை) கட்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டெக்சாசிலிருந்து:

எங்கள் ஊர்க்காரத் தம்பி ஒருவன் விசா காலம் முடிந்த பிறகும் தங்கியிருந்ததற்காகக் கைதாகி, ஹூஸ்டனுக்கு வடக்கே கான்ரோவில் அடைக்கப்பட்டான். அவனுக்கு பாண்டு கட்டியது நான்தான். இப்போது இன்னும் சில குடும்பங்கள் இதே தவிப்பில் இருப்பதால் எழுதுகிறேன். பணத்தை எப்படித் திரட்டுவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே, யார் கையெழுத்துப் போடுவது என்று பேசி முடித்துவிடுங்கள்.

சட்டப்படி பாண்டின் குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர். மேல் வரம்பு கிடையாது. முதலில் ஐஸ் (அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை) ஒரு தொகையைச் சொல்லலாம், அல்லது பாண்டே கிடையாது என்று சொல்லலாம். விசாவோடு வந்தவர்கள் பொதுவாகக் குடிவரவு நீதிபதியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். குற்ற வழக்கு ஜாமீனில் பத்து சதவீதம் மட்டும் கட்டி வெளியே எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அது நடக்காது. நீங்களே கட்டினால் முழுத் தொகையையும் கட்டவேண்டும். பாண்டு கம்பெனி வழியாகப் போனால் அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் திரும்ப வராது. எங்களிடம் பேசிய ஒரு கம்பெனி, காலில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி அதற்கு மாத வாடகையும் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

விசாரணையில் இவன் ஓடிப்போக மாட்டான், யாருக்கும் ஆபத்தில்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. நிலையான முகவரி, குடும்பம், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறான், வேலை, பழைய வழக்கு ஏதாவது உண்டா, இவற்றைத்தான் பார்க்கிறார்கள். கோவிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் கடிதம் வாங்கினோம். "மிகவும் நல்லவர்" என்று பொதுவாக எழுதிய கடிதங்களை வக்கீல் ஓரமாக வைத்துவிட்டார். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான், இந்த முகவரியில் எங்கள் வீட்டில்தான் தங்குவான் என்று எழுதியவர்களின் கடிதங்கள்தான் பயன்பட்டன. அவற்றோடு எழுதியவரின் கிரீன் கார்டு நகல், வீட்டு வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம்.

முன்பெல்லாம் கேஷியர்ஸ் செக் எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் போய் நிற்பார்கள். இப்போது செபாண்ட்ஸ் (CeBONDS) என்ற ஐஸின் இணைய அமைப்பு வந்துவிட்டது. கட்டுபவர் தன் பெயரில் கணக்குத் தொடங்கி, உள்ளே இருப்பவரின் ஏ நம்பரை (குடிவரவுத் துறை ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் சரிபார்த்த பிறகு ஃபெட்வயர் அல்லது ஏசிஎச் என்ற வங்கிப் பரிமாற்ற முறைகள் வழியாகப் பணம் அனுப்பலாம். வங்கியில் வயர் அனுப்ப மதியத்துக்கு மேல் நேரம் முடிந்துவிடும், காலையிலேயே போங்கள். ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பு, கிஃப்ட் கார்டு வாங்கு என்று போன் வந்தால் அது மோசடிதான். ஒரு நிமிடம்கூடப் பேசாமல் வையுங்கள்.

கையெழுத்துக்கு வருகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பலர் பணம் போட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பது என் பெயர் மட்டும்தான். பணம் திரும்பினாலும் எனக்குத்தான் வரும், அவன் ஒரு விசாரணைக்கு வராமல் போனால் முழுத் தொகையும் போய்விடும். வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம். அதனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினேன். நெருங்கிய மனிதர்களிடம் போய்க் கணக்கு எழுதுவதா என்று சிலர் வருத்தப்பட்டார்கள். இப்போதும் அதைச் சரி என்றே நினைக்கிறேன்.

நியூஜெர்சியிலிருந்து:

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் தங்கை கணவருக்கு நான் கட்டினேன். வெளியே வந்தவர் வீடு மாறினால் 5 நாளுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பாண்டு கட்டியவர் வீடு மாறினாலும் ஐ-333 படிவம் கொடுக்கவேண்டும் என்பது தெரிவதில்லை. ஆளைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்ற ஐ-340 கடிதம் கட்டியவருக்குத்தான் வரும். அது பழைய வீட்டுக்குப் போய் நாம் பார்க்காமல் விட்டால், பாண்டு முறிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பணம் கட்டியதற்கான ஐ-305 ரசீதை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். எங்கள் வழக்கு நல்லபடியாக முடிந்தது. பாண்டு ரத்தானதாக ஐ-391 கடிதம் வந்ததும், அதையும் ரசீதையும் வெர்மான்ட்டில் இருக்கும் ஐஸின் கடன் நிர்வாக மையத்துக்கு அனுப்பினேன். கொஞ்சம் வட்டியோடு வந்தது. நாடு திரும்ப வேண்டியிருந்தாலும் கலங்கவேண்டாம். உத்தரவுப்படி உரிய காலத்தில் வெளியேறி, அதற்கான ஆதாரத்தைக் காட்டினால் அப்போதும் பாண்டு ரத்தாகும், பணம் திரும்பும்.

டொரொன்டோவிலிருந்து:

இங்கே முறை வேறு, நாங்கள் பிணை என்றுதான் சொல்லுவம். தடுத்து வைத்தால் தொடர்ந்து வைத்திருக்கவேணுமா என்று 48 மணித்தியாலத்துக்குள் ஒரு மீளாய்வு, அடுத்த 7 நாளுக்குள் இன்னொன்று, பிறகு 30 நாளுக்கு ஒருக்கால். ஒரு தரம் மறுத்தாலும் அடுத்த முறை புதிய ஆதாரத்தோடு கேட்கலாம். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் இலங்கைத் தமிழ் அகதிகள் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்திறங்கினபோது, அவர்களில் கனபேர் இந்த மீளாய்வுகளுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தவை.

காசு கட்டுகிறதும் இருக்கு, கட்டாமல் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறதும் இருக்கு. உத்தரவாதம் எழுதுகிறவர் கனடாவில் வசிக்கும் குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவாளராகவோ இருக்கவேணும். நான் ஒரு மச்சானுக்கு நிற்கப் போனபோது, காசைப் பற்றிக் கேட்டது குறைவு. அவர் என்ர சொல்லைக் கேட்பாரா, எத்தனை காலமாகப் பழக்கம், ஒரே வீட்டில் இருப்பமா என்றுதான் துருவித் துருவிக் கேட்டவை. வசதியான ஆளைத் தேடித் திரியாமல், அவருக்கு நெருக்கமான ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

டெக்சாசிலிருந்து, மறுபடியும்:

தனிச்செய்தியில் பலர் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் தம்பி விசாவோடு முறையாக வந்தவன், அதனால்தான் நீதிபதி முன்னால் பாண்டு கேட்க முடிந்தது. 2025 செப்டம்பரில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், சோதனையில்லாமல் எல்லை கடந்து வந்தவர்களுக்குக் குடிவரவு நீதிபதி பாண்டு தரமுடியாது என்று தீர்ப்பளித்தது. பல வருடமாக இங்கேயே வாழ்ந்து, பிள்ளை பெற்று வளர்ப்பவர்களையும் அந்தத் தீர்ப்பு சேர்த்துப் பிடித்தது. மிகவும் அநியாயமான தீர்ப்பு என்பது என் எண்ணம். அதன் பிறகு பலர் மத்திய மாவட்ட நீதிமன்றங்களில் ஹேபியஸ் மனு (அடைத்து வைத்தது சட்டப்படி செல்லாது என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு) போட்டு விடுதலையோ பாண்டு விசாரணையோ பெற்றிருக்கிறார்கள். அப்படி வந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மனுவைப் போட்டுப் பழகிய வக்கீல்தானா என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கொடுங்கள். ஏ நம்பர், முதலில் வந்த தேதி, வந்த வழி, இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.