புதுப்பிப்பு: குன்னூர்–கோத்தகிரி, ரெண்டு வீடு, ஒரே லெகோ ஆட்டம்

முந்தைய பதிவின் கேள்வி: 2012-ல் வந்த 'லெகோ லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே திரையில் ரெண்டு பேர் ஆடுவது, ஆன்லைன் கிடையாது, குன்னூரில் ஒருவர், கோத்தகிரியில் ஒருவர் எப்படி ஆடுவது? கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் 'ரிமோட் பிளே டுகெதர்' வசதி போதும்: ஒருவர் கணினியில் ஓடும் ஆட்டத்தின் படம் இணையம் வழியே மற்றவருக்குப் போகும், அவர் அழுத்துவது திரும்பி வரும். ஆட்டம் ஒருவரிடம் இருந்தால் சரி.

இப்படி ஆடிப் பார்த்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்ததற்குக் காரணம் டவுன்லோட் இல்லை, ஆட்டம் ஓடும் கணினியின் அப்லோட். அதனால் ஃபைபர் இருக்கிற வீட்டில் ஆட்டத்தை ஓட்டுங்கள், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து. எதிர்முனையில் ரிமோட் பிளே அமைப்பில் படத்தெளிவை 720p-க்கு இறக்கினால் பாதித் தலைவலி போச்சு.

விருந்தாளியின் (எதிர்முனையிலிருந்து சேர்பவரின்) கன்ட்ரோலர் முதல் ஆட்டக்காரரையே நகர்த்துகிறதா? ஷிப்டும் டேப்பும் சேர்த்து அழுத்தி, ரிமோட் பிளே பட்டியலில் கன்ட்ரோலர் வரிசையை மாற்றுங்கள். பிறகு அவர் ஸ்டார்ட் அழுத்தினால் உள்ளே வந்துவிடுவார்.

கொஞ்சம் தாமதம் எப்படியும் இருக்கும். அதனால் குறிபார்த்து அம்பு விடும் லெகோலாஸ் பாத்திரத்தை, ஆட்டம் ஓடும் கணினிக்காரரே எடுக்கட்டும். தீ மூட்டும் சாம், விரிசல் கல்லை உடைக்கும் கிம்லி விருந்தாளிக்கு. அவசரமில்லாத வேலை.

ஆட்டத்தின் சேமிப்பு, அது ஓடும் கணினியில்தான் இருக்கும். மழைநாளில் கரண்ட் கண் சிமிட்டினாலே ரவுட்டர் அணைந்து, மறுபடி இணைய சில நிமிடம் ஆகும். கணினிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துப் பயனில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து வையுங்கள். வாங்குமுன் அடாப்டரில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.