மீன் உறிஞ்சறதைப் படம் பிடிக்க யோசனை சொல்லுங்க

வணக்கமுங்க, கோபி பக்கமிருந்து எழுதறேன். பையனோட அறிவியல் கண்காட்சிக்கு, மீன் இரை பிடிக்கறதைக் கண்ணாடித் தொட்டியில படம் எடுக்கறோம். தடப்பள்ளி வாய்க்கால்ல பிடிச்ச ஜிலேபிக் குஞ்சு. போன்ல நொடிக்கு 240 பிரேம் வெச்சும் பத்துப் பிரேம்கூடச் சிக்கலைங்க. புழுத்துண்டு வாய்கிட்ட மிதக்குது, அடுத்த பிரேம்ல காணோம்!

வாய்க்குழி சட்டுனு விரிஞ்சு உள்ளே அழுத்தம் குறையுது. தண்ணியோட இரையும் போயிருது, தண்ணி மட்டும் செவுள் வழியா வெளிய. அந்த இழுப்பு வாயகலத் தூரம் தாண்டினா எடுபடாது. பாஸ் மீன்ல அளந்தப்ப விசை பெரும்பாலும் உடம்புச் சதையிலிருந்துதான் வந்துதாம். தாடைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

நீரோட்டம் கண்ணுக்குத் தெரிய, மீனுக்குக் கெடுதல் பண்ணாத தூள் எதைக் கலக்கலாமுங்க? லைட்டைப் பக்கவாட்டுல வெக்கறதா, பின்னாலயா? முன்னால வெச்சா கண்ணாடி பளபளங்குது. வளர்க்கறவங்க சொல்லுங்க.