ஹைக்கு ஓஎஸ்-க்கு கோலாங் கம்பைலரைப் போர்ட் செய்வது: எங்கிருந்து தொடங்குவது?

நிரல்பூச்சி:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளாக ஒரு பழைய லேப்டாப்பில் ஹைக்கு ஓஎஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: தொண்ணூறுகளில் பீஓஎஸ் என்று ஒன்று இருந்தது, 2001-ல் அந்தக் கம்பெனியின் சொத்துகளைப் பாம் வாங்கியதோடு அதன் கதை முடிந்தது, அதன் ரசிகர்கள் உட்கார்ந்து முதலிலிருந்து திரும்ப எழுதியதுதான் ஹைக்கு. லினக்ஸ் கிடையாது, பிஎஸ்டி கிடையாது, கெர்னலே (ஓஎஸ்-ன் மையப் பகுதியே) தனி. 2024 செப்டம்பரில் ஐந்தாவது பீட்டா வந்தது.

இதற்கு கோலாங் மொழியின் கம்பைலரை (நாம் எழுதும் சோர்ஸை மெஷின் ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றும் புரோகிராம்) போர்ட் செய்து, அதாவது இந்த ஓஎஸ்-ல் ஓடும்படி மாற்றிப் பார்க்க ஆசை. யாரோ செய்து வைத்த பேட்சை (சோர்ஸ் திருத்தத் தொகுப்பை) எடுத்துப் போடு என்று மட்டும் சொல்ல வேண்டாம், கற்றுக்கொள்ளத்தான் இந்த வேலையே. ஆபீஸில் தினமும் கோலாங்தான் எழுதுகிறேன், ஆனால் ரன்டைம் (ஒவ்வொரு கோலாங் பைனரிக்குள்ளும் இருந்து த்ரெட், மெமரியைப் பார்த்துக்கொள்ளும் பகுதி) பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

குழப்பம் இதுதான். கோலாங் கம்பைலர் 1.5-லிருந்து (2015) கோலாங்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கட்ட ஏற்கெனவே ஒரு கோலாங் வேண்டும். சி-யில் எழுதப்பட்ட கடைசி வெர்ஷன் 1.4. அப்படியென்றால் முதலில் 1.4-ஐ ஹைக்குவில் ஓட வைத்து, அதை வைத்து 1.17, அதை வைத்து 1.20, அப்புறம் 1.22 என்று படிப்படியாக ஏறி வர வேண்டுமா? நினைத்தாலே தலை சுற்றுகிறது.

இன்னொன்று, ப்ராசஸர் அதே ஏஎம்டி64தான். லினக்ஸ் கோப்புகளை அப்படியே காப்பி அடித்து சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எண்களை மட்டும் மாற்றினால் போதாதா?

லிங்கர்லிங்கம்:

முதல் கேள்விக்கு: வேண்டாம். அந்தப் படிக்கட்டு, எந்த கோலாங்கும் இல்லாத, வேறு மெஷினும் கையில் இல்லாத ஆளுக்குத்தான். உங்களிடம் லினக்ஸ் இருக்கிறது, அதில் புது கோலாங் இருக்கிறது. கோலாங் பிறவியிலேயே கிராஸ் கம்பைலர், கூஸ், கோஆர்ச் என்ற இரண்டு சூழல் மாறிகளை மாற்றினால் வேறு ஓஎஸ்-க்கான பைனரியைத் துப்பிவிடும். லினக்ஸில் சோர்ஸைத் திருத்தி, அங்கேயே ஹைக்குவுக்கான பைனரிகளைக் கட்டி, கடைசியில் சோர்ஸ் கூடவே வரும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஹைக்குவில் ஓடக்கூடிய முழு டூல்செயினும் ஒரு கட்டாகக் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் ஹைக்குவில் வைத்து அதற்குள் கோலாங்கைக் கட்டிப் பாருங்கள், அதுதான் உண்மையான பரீட்சை.

கம்பைலரில் கோட் ஜெனரேட்டரை (ப்ராசஸர் கட்டளைகளை உருவாக்கும் பகுதியை) நீங்கள் தொடவே வேண்டியிருக்காது. ப்ராசஸர் அதேதான், பைனரி வடிவம் அதே ஈஎல்எஃப்தான். முதலில் பெயரைப் பதிவு செய்யுங்கள்: தெரிந்த ஓஎஸ்களின் பட்டியல் ஒன்று சோர்ஸில் இருக்கிறது, அதில் ஹர்ட், இசட்ஓஎஸ் எல்லாம்கூட இருக்கின்றன, ஹைக்கு இல்லை. அதில் சேர்த்தால்தான் கோப்புப் பெயரின் கடைசியில் ஹைக்கு என்று இருப்பதை அந்த ஓஎஸ்-க்கு மட்டும் என்று கோலாங் புரிந்துகொள்ளும். பில்டு டூலிலும் லிங்கரிலும் (துண்டுகளை இணைத்து பைனரியாக்கும் டூல்) இதே போல் சில இடங்கள். இதெல்லாம் அரை நாள் வேலை.

மீதி எல்லாம் ரன்டைமில் இருக்கிறது. த்ரெட் எப்படிப் பிறக்கிறது, தூங்குகிறது, எழுகிறது, மெமரியை யாரிடம் கேட்பது, சிக்னல் (ஓஎஸ் புரோகிராமுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்தால் என்ன செய்வது, நேரத்தை எங்கே பார்ப்பது. இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது: லினக்ஸைக் காப்பி அடிக்காதீர்கள். லினக்ஸில் சிஸ்டம் கால் எண்கள் மாறாது என்று கெர்னலே உறுதி கொடுக்கிறது, அதனால் கோலாங் சி லைப்ரரியைத் தாண்டி நேராகக் கெர்னலிடம் பேசுகிறது. ஹைக்குவில் அந்த உறுதி கிடையாது, அங்கே நிலையான வாசல் லிப்ரூட் மட்டும்தான் (சி லைப்ரரி, கணித ஃபங்ஷன்கள், பித்ரெட் எனும் த்ரெட் ஃபங்ஷன்கள் எல்லாம் அந்த ஒரே கோப்பில், சாக்கெட் மட்டும் லிப்நெட்வொர்க்கில் தனியாக).

ஆகவே காப்பி அடிப்பதென்றால் சோலாரிஸ் கோப்புகளை அடியுங்கள். அதில் ஒவ்வொரு அழைப்பும் லிப்சி (சி லைப்ரரி) வழியாகத்தான் போகிறது. படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கோரூட்டீன் (கோலாங்கின் சொந்த, மெல்லிய த்ரெட்) ஸ்டாக் 2 கேபி-யில்தான் தொடங்கும், சி ஃபங்ஷனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, இஷ்டத்துக்கு ஸ்டாக்கை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு லிப்சி அழைப்புக்கு முன்பும் த்ரெட்டின் பெரிய ஸ்டாக்குக்கு மாறி, முடிந்ததும் திரும்ப வர வேண்டும். சோலாரிஸ் கோட் இதைச் செய்கிறது. இதை விட்டுவிட்டு எழுதினால் சில சமயம் ஓடும், சில சமயம் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும், எங்கே விழுந்தது என்று தேடியே வெறுத்துப் போவீர்கள்.

அதே மாதிரி இன்னொரு இடம். ஏஎம்டி64-ல் இப்போது ஓடும் கோரூட்டீனின் சுட்டியை எஃப்எஸ் ரெஜிஸ்டர் காட்டும் இடத்துக்கு 8 பைட் முன்னால் வைப்பது லினக்ஸ் வழக்கம். ஹைக்கு அதே ரெஜிஸ்டரைத் தன் சொந்த த்ரெட் லோக்கல் அட்டவணைக்கு வைத்திருக்கிறது. அதற்கு முந்தின இடம் உங்களுடையது என்று நம்ப வேண்டாம், முறைப்படி ஒரு இடம் கேட்டு வாங்குங்கள்.

டெஸ்டுக்கு: உடனே எஃப்எம்டி பேக்கேஜை இழுக்காதீர்கள், அது ஓஎஸ், சிஸ்கால் எல்லாவற்றையும் கூடவே இழுத்து வரும். மொழியிலேயே இருக்கும் பிரின்ட்எல்என் போதும், அது ரன்டைமோடு நின்றுவிடும். அது ஒரு வரி அச்சடித்த பிறகு கோரூட்டீன், அப்புறம் கார்பேஜ் கலெக்டர், அப்புறம்தான் ஃபைல். நெட்வொர்க் கடைசி.

கடைசிபிட்:

லிங்கம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் “எண்ணை மாற்றினால் போதாதா” என்பது கோலாங் குழுவே ஒரு காலத்தில் எடுத்த வழிதான், அதற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள்.

மேக்கில் கோலாங் நேராகக் கெர்னலைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆப்பிள் அதற்கு எந்த உறுதியும் கொடுத்ததில்லை. 2016-ல் மேக்ஓஎஸ் சியரா வந்தபோது, நேரம் கேட்கும் சிஸ்டம் கால் விடையைத் திருப்பித் தரும் விதம் உள்ளுக்குள் மாறியது, பழைய கோலாங்கில் கட்டிய பைனரிகள் கிராஷ் ஆகத் தொடங்கின. சோர்ஸில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் புது கோலாங் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் 1.11-ல் மேக் ரன்டைம் ஆப்பிளின் சிஸ்டம் லைப்ரரிக்கு மாறியது. ஓபன்பிஎஸ்டி 1.16-ல் லிப்சிக்கு மாறியது, அங்கே இது ஒரு பாதுகாப்புக் கொள்கை: எந்த சிஸ்டம் கால் எந்த இடத்திலிருந்து வரலாம் என்பதைக் கெர்னலே சரிபார்க்கும், 2024-ல் வந்த 7.5-ல் அதை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

லினக்ஸ்தான் இதில் விதிவிலக்கு. நாம் எல்லோரும் அங்கேயே பழகியதால் அதுதான் இயல்பு என்று தோன்றுகிறது.

அப்புறம் ஒரு வசதி சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. லினக்ஸில் ஹைக்குவுக்காக டெஸ்ட் கட்டினால் அதை லினக்ஸில் ஓட்ட முடியாது இல்லையா. கோ, ஹைக்கு, ஏஎம்டி64, எக்ஸெக் என்ற நான்கு சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்த பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி பாத்தில் வையுங்கள். டெஸ்ட் கட்டளை தானாகவே அதைத் தேடி எடுத்து, கட்டிய பைனரியை அதனிடம் கொடுக்கும். அந்த ஸ்கிரிப்ட் பைனரியை எஸ்எஸ்ஹெச் வழியாக கியூஎம்யூ-வில் (மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டும் புரோகிராம்) ஓடும் ஹைக்குவுக்கு அனுப்பி, ஓட்டி, விடையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். பென் டிரைவோடு அலைய வேண்டாம்.

நிரல்பூச்சி:

லிங்கம் அண்ணா, கடைசிபிட், இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. சோலாரிஸ் கோட்டை வைத்துத் தொடங்கினேன். பிரின்ட்எல்என் ஓடுகிறது! கோரூட்டீனும் ஓடுகிறது. அந்த எக்ஸெக் ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் பாதியில் விட்டிருப்பேன்.

இப்போது ஃபைலில் ஒரு விசித்திரம். இல்லாத ஃபைலைத் திறந்தால் எரர் வருகிறது, சரி, ஆனால் “ஃபைல் இல்லை” என்பதற்குப் பதில் “எர்னோ -2147459069” என்று அச்சாகிறது. அந்த எரர் ஃபைல்-இல்லை வகையா என்று கேட்டால் இல்லை என்கிறது. என்ன எண் இது? மெமரி எங்காவது கெட்டுப்போகிறதா? ஹைக்குவின் எஸ்ட்ரேஸ் (சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் டூல்) போட்டுப் பார்த்தேன், அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

லிங்கர்லிங்கம்:

அட, நேராக அங்கேயே போய் நின்றுவிட்டீர்கள். மெமரி கெடவில்லை, அந்த எண் சரியான எண்தான். ஹைக்குவில் எரர் எண்கள் எல்லாம் நெகட்டிவ். பீஓஎஸ் காலத்து வழக்கம், 32 பிட் எண்ணின் அடிமட்டத்திலிருந்து எண்ணுவார்கள். ஃபைல் இல்லை என்பது ஹெக்ஸில் 80006003. அதை 32 பிட் குறியெண்ணாகப் படித்தால் நீங்கள் பார்த்த -2147459069.

இப்போது கோலாங் பக்கம் வாருங்கள். எர்னோ என்ற வகைக்கு அடியில் இருப்பது குறியில்லாத 64 பிட் எண். அதற்கு நெகட்டிவ் மாறிலி கொடுத்தால் கம்பைலரே தூக்கி எறியும், அதனால் நீங்கள் 80006003 என்றுதான் போட்டிருப்பீர்கள். ஆனால் லிப்ரூட்டிலிருந்து எரர் எண்ணைப் படிக்கும் இடத்தில் அதை 32 பிட் குறியெண்ணாக எடுத்து அப்படியே 64-க்கு நீட்டினால் முன்னால் எட்டு எஃப் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் 80006003, இன்னொரு பக்கம் அதே எண் எட்டு எஃப்-ஓடு. பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. படிக்கும் இடத்தில் முதலில் குறியில்லாத 32 பிட்டாக மாற்றிவிட்டு அப்புறம் நீட்டுங்கள், ஒப்பீடு சரியாகிவிடும்.

செய்தி வராததற்குக் காரணம் வேறு. கோலாங் எரர் வாசகங்களை ஒரு அர்ரேயில் எண்ணையே இன்டெக்ஸாக வைத்துத் தேடுகிறது. 1, 2, 3 என்று எண்கள் வரும் யூனிக்ஸுக்கு அது சரி. உங்களுக்கு இருநூறு கோடிக்கு மேல் போகும் இன்டெக்ஸ், அது அர்ரேக்கு வெளியே, அதனால் வெறும் எண்ணை அச்சடிக்கிறது. ஹைக்குவுக்கு மட்டும் அதை ஒரு மேப்பாக மாற்றிவிடுங்கள்.

சி புரோகிராம்களைப் போர்ட் செய்பவர்களுக்கு எண்களைப் பாசிட்டிவாக மாற்றிக் கொடுக்கும் ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியை ஹைக்குவே தருகிறது. நீங்கள் லிப்ரூட்டை நேராகக் கூப்பிடுவதால் அது உங்களுக்கு உதவாது, உதவினாலும் நான் வேண்டாம் என்பேன். எண்களை ஓஎஸ் தருகிறபடியே வைத்திருந்தால் நாளைக்கு ஹைக்குவின் சொந்த ஏபிஐ-களைக் கூப்பிடும்போது இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

பித்ரெட் ஃபங்ஷன்களையும் ஒரு முறை பாருங்கள், அவை எரரை நேராகத் திருப்பித் தரும். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் எரர் என்று எங்காவது எழுதியிருந்தால் ஹைக்குவில் எந்த எரரும் அதில் மாட்டாது.

பழையடெர்மினல்:

நல்ல இழை. ஒரே ஒரு மறுப்பு: “கோட் ஜெனரேட்டரைத் தொடவே வேண்டியிருக்காது” என்று லிங்கம் சொன்னது ஹைக்குவுக்குச் சரி, பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளான் 9 போர்ட்டைப் பாருங்கள்.

பெல் லேப்ஸில் பிளான் 9 செய்தவர்களில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும்தான் பின்னாளில் கோலாங்கைத் தொடங்கிய மூவரில் இருவர், கோலாங்கின் அசெம்பிளர் வழக்கமே அங்கிருந்து வந்தது. அப்படியிருந்தும் அந்த ஓஎஸ்-க்கு கோலாங்கை ஓட்டுவது சுலபமாக இல்லை. சிக்னல் கிடையாது, நோட் என்று ஒன்று, அது ஒரு எண்ணே அல்ல, ஒரு சரம். எரரும் சரம். அதுகூடப் பரவாயில்லை, ரன்டைமில் சமாளித்துவிடலாம். ஆனால் நோட் ஹேண்ட்லருக்குள் ஃப்ளோட்டிங் பாயின்ட் ரெஜிஸ்டரைத் தொடக் கூடாது என்பது பிளான் 9 கெர்னலின் சட்டம்.

நாம் ஹேண்ட்லரில் தசம எண்ணா போடப்போகிறோம் என்று கேட்கலாம். போடவில்லை. ஆனால் ஏஎம்டி64-ல் ஒரு துண்டு மெமரியைப் பூஜ்யமாக்கவோ நகர்த்தவோ கம்பைலர் எஸ்எஸ்இ ரெஜிஸ்டரை (ஃப்ளோட்டிங் பாயின்ட் வேலைக்கும் அதுதான்) எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் ஒரே தடவையில் 16 பைட் போகும். அதுவும் அந்தச் சட்டத்தில் மாட்டுகிறது. ஆகவே பிளான் 9 என்றால் எஸ்எஸ்இ வேண்டாம் என்று ஒரு நிபந்தனை கோலாங் கம்பைலரின் கோட் ஜெனரேட்டருக்குள்ளேயே பல வருடம் உட்கார்ந்திருந்தது. ப்ராசஸர் ஒன்றுதான், கோட் மட்டும் வேறு.

உங்களுக்கும் சிக்னல் பக்கம் ஒரு வேலை பாக்கி இருக்கும். 1.14-லிருந்து நீண்ட லூப்பில் மாட்டிய கோரூட்டீனை ரன்டைம் ஒரு சிக்னல் அனுப்பி நிறுத்துகிறது, ஹேண்ட்லருக்குள்ளிருந்தே ரெஜிஸ்டர்களை மாற்றி எழுதி. ஹைக்குவின் சிக்னல் கான்டெக்ஸ்ட் அமைப்பு பைட் பைட்டாகச் சரியாக இருக்கும்வரை கோடீபக் சூழல் மாறியில் அசிங்க் பிரீஎம்ப்ட் ஆஃப் போட்டு (அப்படி நிறுத்துவதை அணைத்து) ஓட்டுங்கள்.

நிரல்பூச்சி:

எரர் இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி அண்ணா. பிரீஎம்ப்ட் ஆஃப் போட்டதும் இடையிடையே வந்த கிராஷும் நின்றது, அந்த அமைப்பை இந்த வாரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இரண்டு சின்னக் கேள்வி. ஈபோல் (பல சாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் லினக்ஸ் வசதி) இல்லாத இடத்தில் நெட்வொர்க்குக்கு எதைப் பார்த்து எழுதுவது? இது ஒழுங்காக ஓடினால் கோலாங் குழு இதைத் தங்கள் அதிகாரபூர்வ சோர்ஸில் சேர்த்துக்கொள்வார்களா?

கடைசிபிட்:

முதலாவதற்கு ஏஐஎக்ஸ் (ஐபிஎம்-ன் யூனிக்ஸ்) போர்ட்டின் நெட்போல் கோப்பு. வெறும் போல் அழைப்பு, அதை நடுவில் எழுப்ப ஒரு பைப், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கனெக்‌ஷனுக்கு மெதுவாக இருக்கும், உங்களுக்கு இப்போது போதும்.

இரண்டாவது கோட் சம்பந்தப்பட்டதே அல்ல. புது போர்ட் வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் கட்டிச் சோதிக்க ஒரு பில்டர் மெஷினும் தொடர்ந்து ஓட வேண்டும். உடைந்து கிடந்தால் எடுத்துவிடுவார்கள். ரஸ்ட் மொழியில் ஹைக்கு மூன்றாம் அடுக்கில் சேர்ந்திருக்கிறது, அந்த அடுக்குக்கு அவர்கள் பக்கம் சோதனை ஓட்ட மாட்டார்கள், அதனால் உள்ளே வருவது அங்கே சுலபம். கோலாங்கில் அப்படி ஒரு பாதி வாசல் கிடையாது. இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை பேட்சாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புது வெர்ஷன் வரும், ஒவ்வொரு முறையும் ரீபேஸ் செய்யுங்கள் (பேட்சைப் புது சோர்ஸின் மேல் திரும்பப் பொருத்துங்கள்). இரண்டு வெர்ஷன் விட்டுவிட்டால் ரன்டைம் கோப்புகள் பாதி இடம் மாறியிருக்கும்.

பழையடெர்மினல்:

பேட்ச் எங்கே வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் சும்மா கிடக்கும் ஒரு மினி பிசி இருக்கிறது, ஹைக்கு போட்டு பில்டராக ஓட்டிவிடலாம். இரண்டாவது பெயர் வேண்டுமென்றால் அதற்கும் சரி, ஆனால் சிக்னல் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நெட்போல் உங்கள் பாடு.