டெஸ்க்டாப்பில் ப்ராசஸர் பவர் செட்டிங் எப்படி வைப்பது? கரண்ட் போனால் யூபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை

காவேரிப்பட்டணம்_ஸ்டுடியோ எழுதியது:

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆல்பம், வீடியோ வேலைதான் அதிகம். சிஸ்டம் ஐ5 12400, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, விண்டோஸ் 11. யூபிஎஸ் 600 விஏ, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இந்தச் சித்திரை, வைகாசியில் சாயங்காலமானால் காற்று அடிக்கிறது, உடனே கரண்ட் போகிறது. சும்மா இருக்கும்போது போனால் யூபிஎஸ் ஐந்தாறு நிமிடம் தாங்குகிறது, நான் சேவ் செய்துவிட்டு நிறுத்திவிடுவேன். ஆனால் வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது போனால் நான்கு தடவை பீப் அடிக்கிறது, ஐந்தாவது பீப்புக்குள் மொத்தமும் அணைந்துவிடுகிறது. போன வாரம் ஒரு நிச்சயதார்த்த வீடியோ 80 சதவீதம் வரை வந்து அப்படியே போயிற்று, ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

சர்வீஸ் செய்தவர் ஆறு மாதம் முன்பு பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே போர்டில் இருக்கும் அடிப்படை செட்டிங்) சி-ஸ்டேட் எல்லாவற்றையும் ஆஃப் செய்து, விண்டோஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்துக் கொடுத்தார், வேகமாக இருக்கும் என்றார். அதிலிருந்து கேபினெட் பக்கவாட்டில் கை வைத்தால் காலையில் திறந்த கொஞ்ச நேரத்திலேயே சூடு தெரிகிறது. மேலே தகர ஷீட் வேறு. இன்னொருவர் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கு என்கிறார். ஒரு சதவீதம் குறைத்து என்ன ஆகிவிடப் போகிறது? எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_ஹார்டுவேர் எழுதியது:

முதலில் சி-ஸ்டேட்டைத் திரும்ப ஆட்டோவில் வையுங்கள் தம்பி. அதுதான் வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு கோரையும் தூங்க வைப்பது. நீங்கள் போட்டோவைப் பார்த்து யோசிக்கும்போது, மவுஸை நகர்த்தாமல் இருக்கும் அரை நொடியில்கூட கோர்கள் தூங்கி எழுந்துகொண்டிருக்கும், எழுவதற்கு மைக்ரோ செகண்ட் கணக்கில்தான் ஆகும், கண்ணுக்கே தெரியாது. அதை ஆஃப் செய்தால் சிஸ்டம் சும்மா இருக்கும்போதும் விழித்துக்கொண்டு கரண்ட் குடிக்கும். இன்னொரு விஷயம், இன்டெல்லில் ஒரு கோர் அதிகபட்ச டர்போ வேகத்துக்கு (பாரம் வரும்போது அடிப்படை வேகத்தைத் தாண்டித் தானாக ஏறுவதுதான் டர்போ) ஏற வேண்டுமென்றால் மற்ற கோர்கள் தூங்கியிருக்க வேண்டும். எல்லாம் விழித்திருந்தால் அந்த உச்ச வேகமே கிடைக்காமல் போகலாம். வேகத்துக்காக என்று செய்தது வேகத்தையே குறைக்கிறது. ஆடியோ ரெக்கார்டிங் மாதிரி சில வேலைகளுக்கு அதை ஆஃப் செய்பவர்கள் உண்டு, உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்து அந்த 99. ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள், விண்டோஸில் 100க்குக் கீழே வைத்தால் டர்போவே நின்றுவிடும். உங்கள் 12400-க்கு அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.4 வரை போகும். இன்டெல் கணக்கில் அடிப்படை 65 வாட், டர்போ உச்சம் 117 வாட். வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏற வேண்டும், ப்ராசஸர் இழுக்கும் மின்சாரமோ வேகத்தோடு வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கியது போல ஏறும். அதனால் கடைசியில் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் மிக அதிகமாகக் கரண்ட் செலவாகிறது. டர்போவை நிறுத்தினால் எக்ஸ்போர்ட் நேரம் கூடும், ஆனால் யூபிஎஸ் மேல் விழும் பாரம் நன்றாகக் குறையும்.

செட்டிங் இருக்கும் இடம்: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், பேலன்ஸ்டு ப்ளானைத் தேர்ந்தெடுத்து, சேஞ்ச் ப்ளான் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு, அதில் ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட். மினிமம் 5, மேக்ஸிமம் 99. கூலிங் பாலிஸி ஆக்டிவிலேயே இருக்கட்டும், பேஸிவ் வைத்தால் ஃபேனை ஏற்றுவதற்கு முன்னால் ப்ராசஸரை மெதுவாக்கும், தகர ஷீட்டுக்குக் கீழே அது வேண்டாம். ஹை பெர்ஃபார்மன்ஸில் மினிமமே 100 ஆகிவிடும், வேகம் கீழே இறங்கவே இறங்காது. மாற்றியதும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்பீட் என்று காட்டுவதைப் பாருங்கள், எக்ஸ்போர்ட் ஓடும்போதும் 2.5 பக்கத்திலேயே நின்றால் சரியாகப் பதிந்திருக்கிறது.

எப்போதும் டர்போ இல்லாமல் இருப்பது கஷ்டம் என்றால் பயாஸில் பவர் லிமிட், அதாவது ப்ராசஸர் இழுக்கும் வாட்டுக்கு வரம்பு, இருக்கிறதா பாருங்கள், பிஎல்1, பிஎல்2 என்றோ லாங் டியூரேஷன், ஷார்ட் டியூரேஷன் என்றோ இருக்கும். இரண்டையும் 65 வைத்தால் டர்போவும் இருக்கும், 65 வாட்டைத் தாண்டாது. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் எல்லா போர்டிலும் கிடைக்காது.

கடைசியாக ஒன்று, யூபிஎஸ் பேட்டரி மூன்று வருடம் என்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைச் சூட்டில் லெட் ஆசிட் பேட்டரி இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும். பாரம் குறைவாக இருந்தால் தாங்குவதும், அதிகமானால் டக்கென்று விழுவதும் பழைய பேட்டரியின் குணம். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியா என்று பார்த்து அதையே வாங்கிப் போடுங்கள்.

பாலக்கோடு_தக்காளிமண்டி எழுதியது:

அண்ணா, லேசர் பிரிண்டர் அந்த யூபிஎஸ்ஸில் இருக்கிறதா? எங்கள் மண்டியில் பில் போடும் சிஸ்டம் இதே மாதிரிதான் விழுந்துகொண்டிருந்தது, பிரிண்டரைப் பிடுங்கி நேராகச் சுவரில் மாட்டியதும் நின்றுவிட்டது. லேசர் பிரிண்டர் சூடாகும் அந்த நேரத்தில் இழுக்கும் கரண்டை 600 விஏ தாங்காது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் உபுண்டு ஓட்டுகிறேன். ப்ராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் செட்டிங் பவர்சேவ் என்று இருப்பதைப் பார்த்துப் பயந்து மாற்ற வேண்டாம். புதிய இன்டெல் ப்ராசஸர்களில் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் இருக்கும், அதில் பவர்சேவ் என்றால் தேவைக்கு ஏற்ப வேகம் ஏறி இறங்கும். பழைய ஏசிபிஐ டிரைவரில்தான் பவர்சேவ் என்றால் அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், எந்த டிரைவர் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

காவேரிப்பட்டணம்_ஸ்டுடியோ எழுதியது:

பிரிண்டர் யூபிஎஸ்ஸில்தான் இருந்தது தம்பி, இப்போதே எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம், கரண்ட் இருக்கும்போது டர்போ, போனால் மட்டும் 99 என்று தானாக மாறும்படி வைக்க முடியுமா?

தருமபுரி_டிடிபி எழுதியது:

முடியும் சார், ஆனால் யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி டேட்டா போர்ட் இருக்க வேண்டும். அதைச் சிஸ்டத்தில் சொருகி விண்டோஸ் பேட்டரி என்று அடையாளம் கண்டுகொண்டால், லேப்டாப்பில் இருப்பது போல அதே ப்ராசஸர் செட்டிங்கில் ஆன் பேட்டரி, ப்ளக்டு இன் என்று இரண்டு வரி வந்துவிடும். ப்ளக்டு இன் 100, ஆன் பேட்டரி 99. பேட்டரி இவ்வளவுக்குக் கீழே போனால் ஹைபர்னேட் ஆகு, அதாவது திறந்த வேலையை டிஸ்க்கில் வைத்துவிட்டு அணைந்துவிடு என்றும் வைக்கலாம். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், கரண்ட் போனதும் ஃபேன் சத்தம் தானாகத் தணிவது காதுக்கே தெரியும். ஆனால் விலை குறைந்த 600 விஏ மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட் இருக்காது, பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் படிக்கட்டு வடிவ அலையில் நிற்காமல் ஆஃப் ஆகிவிடும். ஆனால் அப்படி என்றால் பெரும்பாலும் மாறிய முதல் நொடியிலேயே போய்விடும், உங்களுக்கு நான்கு பீப் வரை வருவதால் அது காரணமாகத் தெரியவில்லை. மதியம் சாப்பிடப் போகும்போது ஸ்லீப் போடுவீர்கள் என்றால் ஹைப்ரிட் ஸ்லீப் ஆன் செய்துகொள்ளுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் திறந்து வைத்த வேலை டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

காவேரிப்பட்டணம்_ஸ்டுடியோ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் நண்பரிடம் ப்ளக் மாதிரி சொருகும் வாட் மீட்டர் வாங்கி அளந்தேன், மானிட்டர் சேராமல். சி-ஸ்டேட் ஆஃப், ஹை பெர்ஃபார்மன்ஸ் இருந்தபோது சும்மா நின்றாலே 71 வாட். ஆட்டோ, பேலன்ஸ்டு மாற்றியதும் 44. எக்ஸ்போர்ட் ஓடும்போது 163 இருந்தது, 99 வைத்ததும் 98-க்கு இறங்கிவிட்டது. 12 நிமிடம் எடுத்த வீடியோ 18 நிமிடம் எடுக்கிறது, அது உண்மை.

என் யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி போர்ட் இல்லை, பயாஸிலும் பவர் லிமிட் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு ப்ளான் செய்து வைத்திருக்கிறேன், பகலில் டர்போ, மேற்கே கருத்துக்கொண்டு வந்தால் 99. பேட்டரியும் புதிது போட்டாயிற்று. நேற்று ஆறரை மணிக்கு எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று, ஒன்பது நிமிடம் தாங்கி வீடியோ முழுதாக முடிந்தது, அதற்கப்புறம் நானே ஷட் டவுன் கொடுத்தேன்.