கொட்டுக்காளியின் முடிவு: மீனாவின் கதை ஏன் பாண்டியின் கண்களில் முடிகிறது?

செம்பூர்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். இறுதிக் காட்சியைப் பற்றியே கேட்கப்போகிறேன் என்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படிப்பது நல்லது.

பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ (2024) படத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்குப் பின் ஓடிடியில் குடும்பத்தோடு பார்த்தோம். என் தாயார் மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, திருமணமாகி மும்பைக்கு வந்தவர். என் மகன் செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். படம் முடிந்து திரை இருண்டபோது, இணையம் நின்றுவிட்டது என்று நினைத்து அவன் ரவுட்டரை அணைத்துப் போட எழுந்துவிட்டான். “படமே அவ்வளவுதான்டா, உட்காரு” என்றார் அம்மா. பின்னர் இரவுச் சாப்பாடு வரைக்கும் வீட்டில் இதே பேச்சு.

வேறு சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்பியதிலிருந்து மாறிப்போன மீனாவுக்கு (அன்னா பென்) ஏதோ பிடித்துவிட்டது என்று நம்பும் குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஆண்கள் பைக்குகளில் பின்தொடர, சாமியாடி ஒருவரிடம் அழைத்துச் செல்கிறது. அவளை மணக்கவிருக்கும் பாண்டியாகச் சூரி நடித்திருக்கிறார். அங்கே தங்களுக்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்குச் சடங்கு நடக்கிறது. சாமியாடியின் கை அவள் மேல் படும் விதத்தைப் பாண்டி பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. அவன் என்ன முடிவெடுத்தான் என்பதைச் சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது.

முடிவைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகப் படவில்லை. ஏறத்தாழ நூறு நிமிடங்கள் மீனாவின் பிடிவாதத்தைப் பார்த்துக்கொண்டு வந்த என்னை, கடைசி ஐந்து நிமிடங்களில் பாண்டியின் மனச்சாட்சிக்குள் இறக்கிவிட்டதுதான் உறுத்துகிறது. பிடிவாதக்காரி என்று பொருள்படும் சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, தீர்ப்பை அவளை அடித்தவன் கையில் கொடுத்தால், அந்தப் பிடிவாதத்துக்கு என்ன மதிப்பு? இது இயக்குநரின் துணிச்சலா, நழுவலா?

முலுண்ட் வாசகி:

ஐயா, இப்படத்தை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை நீங்கள் சொன்ன அதே எரிச்சல் எனக்கும் இருந்தது.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பாண்டியின் தொண்டையைக் கவனித்தேன். முதல் காட்சியிலிருந்தே அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, வராத குரலை இழுத்து இழுத்துத்தான் அதிகாரம் செய்கிறான். மீனாவுக்குக் குரல் இருக்கிறது. அவள் பேச மறுக்கிறாள். அவனுக்குப் பேச ஆசையிருக்கிறது, குரல் வரவில்லை. இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிட்ட இயக்குநர் கடைசியில் நழுவினார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வழியை மறித்துக்கொண்டு காளை நிற்கும் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்கள் எல்லாரும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இவர்களின் வீரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. மீனா பாட்டை முணுமுணுத்ததற்காகப் பாண்டி வெறிகொண்டு அடிக்கும் காட்சியும் அப்படித்தான். மீனாவை மட்டுமா அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்தல்லவா அடிக்கிறான்? அந்த அடிக்குப் பிறகும் மீனா மாறவில்லை. அவள் முடிவு படம் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. இனி மாற வேண்டியவன் யாரோ, கேமரா அவனிடம் செல்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் பிடிவாதக்காரப் பெண்ணை வைது சொல்கிற சொல்லைத் தலைப்பாக்கிவிட்டு, அந்தப் பிடிவாதத்தின் முன்னால் ஓர் ஆணைத் திகைத்து நிற்கவைத்தால் அது அவளுக்குச் சிறுமை ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மகனுக்கு ஒரு செய்தி: இதே இயக்குநரின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. தகப்பனும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பார்கள். அதைப் பார்க்கும்போது ரவுட்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தாராவி 90 அடி ரோடு:

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். ‘கொட்டுக்காளி’ வெளியான அதே 2024 ஆகஸ்ட் 23 அன்றுதான், வாழைத்தார் சுமக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றிய மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. எனக்கு அந்தப் படம்தான் நிறைந்தது.

என் தாத்தா ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். அந்தப் படத்தில் பேசுகிற தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ். வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் கால் புதைய நடப்பது எப்படி இருக்கும் என்பதை நான் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். படத்தில் அந்தச் சிறுவனின் கழுத்து வலியைப் பார்த்தபோது என் பெரியப்பாவின் நினைவு வந்து, இடைவேளையில் வெளியே போய் நின்றேன். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலியை உயர்த்திக் கேட்கிறார்கள். கொடுத்துவிட்ட வியாபாரி, அந்தச் செலவை ஈடுகட்ட, ஆட்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறான். அந்த லாரியில் போனவர்களின் சாவு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு ரூபாய்க் கணக்கில் காட்டிவிடுகிறார் மாரி செல்வராஜ். தம் வாழ்வில் நடந்ததையே படமாக்கியதாக அவரே சொல்லியிருப்பதால், முடிவை நம் யோசனைக்கு விட்டுவிட்டுப் போகும் வசதி அவருக்கு இல்லை. நடந்தது நடந்ததுதான்.

பின்னணி இசையே இல்லாமல் எடுத்ததற்காகக் ‘கொட்டுக்காளி’யைப் பலரும் புகழ்கிறார்கள். ‘வாழை’யின் முடிவில் வரும் ஒப்பாரியைக் கேட்டு அழுதவன் நான், அப்படி அழுததை மட்டமான ரசனை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். எங்கள் தெருவில் இழவு வீட்டில் ஒப்பாரி இல்லாமல் யாரையும் தூக்குவதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வரும் பகுதி எனக்குச் சற்று நீளமாகப் பட்டது. ஆனால் ரஜினி ரசிகனும் கமல் ரசிகனுமாக இரண்டு பையன்கள் சண்டையிடும் காட்சிகளுக்காக அதையும் பொறுத்துக்கொண்டேன்; மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சண்டை புதிதல்ல.

காட்கோபர் செவிலி:

இரு தரப்பையும் படித்தேன். எனக்கு ஊர் நாகர்கோவில். இங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். ‘கொட்டுக்காளி’யை முதலில் லோக்கல் ரயிலில், இரவுப் பணி முடிந்து திரும்பும்போது, கைப்பேசியில் பார்த்தது என் தவறு. இசை இல்லாத படத்தில் ஆட்டோவின் உறுமலும் சேவலின் சிறகடிப்பும் காற்றும்தான் கதை சொல்கின்றன. அவை அத்தனையையும் ரயில் விழுங்கிவிட்டது. விடுமுறை நாளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

செம்பூர்வாசி ஐயாவின் கேள்விக்கு வேறொரு படத்தின் வழியாகப் பதில் சொல்கிறேன். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்றது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாளச் செவிலியரின் கதை என்பதால் எங்கள் விடுதியில் எல்லாரும் பார்த்தோம். அவர்களில் ஒருத்தியான பிரபாவின் (கனி குஸ்ருதி) கணவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. திடீரென்று ஒரு நாள் அங்கிருந்து சோறு சமைக்கும் குக்கர் ஒன்று பார்சலில் வருகிறது. பிரபா அந்தக் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காட்சியில் எங்களில் யாருமே பேசவில்லை. எங்கள் விடுதியிலும் அப்படிப் பார்சல்கள் வருவதுண்டு.

அப்படத்தின் பிற்பகுதி ரத்னகிரிப் பக்கத்துக் கடற்கரை ஊருக்குச் செல்கிறது. கடலில் மூழ்கிக் கரை சேர்ந்த ஒருவனைப் பிரபா காப்பாற்றுகிறாள். அவன் அவள் கணவனைப் போலப் பேசுகிறான். உண்மையா, அவள் மனத்தில் நடப்பதா என்று படம் சொல்வதில்லை. ஆனால் அவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வது பிரபா, வேண்டாம் என்கிறாள். நடந்தது என்னவென்று தெரியாமல் போனாலும், அவள் என்ன முடிவெடுத்தாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை வைத்துப் பார்த்தால் ஐயா சொன்னதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. மீனா முன்பே முடிவெடுத்துவிட்டாள் என்று முலுண்ட் அம்மா சொல்வது சரி. ஆயினும் பாண்டி திகைத்து நிற்கும் அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று அறிய எனக்கு ஆசை. சடங்கை அவளும்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்? மருத்துவமனையிலும் இதைப் பார்க்கிறேன்: நோயாளிப் பெண் படுக்கையில் இருப்பாள், கையெழுத்துக்கு அவள் கணவனைத் தேடுவார்கள்.

செம்பூர்வாசி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கடைசி அரை மணி நேரத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு விஷயம் முதல் முறை என் கண்ணில் படவே இல்லை. அதற்காக முலுண்ட் அம்மாவுக்குப் பாதி வழி வந்துவிட்டேன். குரல் இல்லாதவன் கடைசியில் சொல்லுக்குத் திணறி நிற்பது பொருத்தம்தான். மீதிப் பாதிக்குச் செவிலி அம்மாவின் கேள்வி என் பக்கம் நிற்கிறது: அவள் முகத்தைக் காட்டியிருக்கலாம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அவன் என்ன செஞ்சிருப்பான்னு தெரியாதா? எல்லாரும் பாக்குறாங்களேன்னு உள்ளே அனுப்பியிருப்பான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மகன் ஒப்பவில்லை, திரும்பி ஆட்டோவில் ஏற்றியிருப்பான் என்கிறான். இருவரும் இன்னும் அதே சண்டையில் இருக்கிறார்கள்.

தாராவி நண்பருக்கு ஒரு கேள்வி. வரும் ஞாயிறு ‘வாழை’ பார்ப்பதாக இருக்கிறோம். அம்மாவுக்குச் சாவு வரும் படங்கள் தாங்காது. முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

தாராவி 90 அடி ரோடு:

சொல்லிவிடுங்கள் அண்ணே. கடைசியில் அந்தப் பையனின் பசியும் சாவும் ஒரே வாசலில் வந்து சேரும். அதனால் அம்மாவைச் சாப்பிடவைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பார்த்த பிறகு அவர் சாப்பிட மாட்டார்.