ஓட்டத்துக்கு இயர்பட்ஸா, போன் கண்டக்‌ஷனா? பட்ஜெட் 2500

கோவை ஓட்டக்காரன்:
வணக்கம். விடியற்காலையில் ரேஸ் கோர்ஸில் ஓட்டம், மாலையில் முடிந்தால் ஜிம். பழைய இயர்பட்ஸில் இடது பக்கம் போய்விட்டது. 1500 ரூபாய்க்குப் புது இயர்பட்ஸ் நிறையவே இருக்கிறது. ஆனால் ஓட வருகிற சிலர் பிடரியைச் சுற்றி ஒரு பட்டை மாட்டிக்கொண்டு, காதை அடைக்காமலே பாட்டுக் கேட்கிறார்கள். போன் (bone) கண்டக்‌ஷன், அதாவது எலும்பு வழியாக ஒலி கடத்துவது என்றார்கள். ஆன்லைனில் 1800-க்கே ஒன்று பார்த்தேன். கண்ணாடி போடுபவன் நான். கேட்பது எண்பதுகளின் பாட்டு, நடுநடுவே பாட்காஸ்ட். எதை எடுக்கலாம்?

ஈசிஆர் சைக்கிள்:
தம்பி, அந்த 1800 ரூபாய் சரக்கை முதலில் சந்தேகப்படுங்கள். அந்த விலையில் போன் கண்டக்‌ஷன் என்று விற்கிற பலவற்றில் இருப்பது காதுக்கு வெளியே வைத்த சின்ன ஸ்பீக்கர்தான். சோதிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பாருங்கள். அசல் என்றால் பாட்டு நன்றாகவே கேட்கும், பேஸ் இன்னும் கூடும். டுபாக்கூர் என்றால் சத்தம் அமுங்கிவிடும். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நான் வைத்திருப்பது ஷாக்ஸ் ஓப்பன்ரன். எடை 26 கிராம், தூசி, தண்ணீர் தாங்குவதில் ஐபி67 தரம், ஒரு சார்ஜுக்கு 8 மணி நேரம் என்கிறது கம்பெனி. பின்னால் வரும் லாரி, துரத்த வரும் நாய், எல்லாம் காதில் விழும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் தொல்லை, டயர் உரசும் சத்தம் மட்டும்தான் முன்னறிவிப்பு. அதையும் அடைத்துக்கொண்டு சைக்கிள் மிதிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. போதாததற்கு, பாட்டில் பேஸ் மெலிந்துவிடும். தபேலாவின் வலது கைத் தட்டு கேட்கும், இடது கை டக்காவின் கனத்த கும்கி கேட்காது. பக்கத்தில் பஸ் போனால் பாட்டே காணாமல் போகும். வால்யூமை ஏற்றினால் கன்னத்தில் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி அதிரும். பாட்காஸ்டுக்கு மட்டும் அருமை.

கண்ணாடி பெரிய பிரச்சினை இல்லை. முதலில் ஹெட்போன், அதற்கு மேல் கண்ணாடி. தடித்த ஃப்ரேம் என்றால் காதுக்குப் பின்னால் நெருக்கும்.

பளு தூக்கும் அக்கா:
ஜிம்முக்கு அது சரிப்படாது. அங்கே ஸ்பீக்கரில் அலறுகிற குத்துப்பாட்டுதான் திறந்த காதில் முதலில் நுழையும். பெஞ்சில் படுத்தால் பிடரிப் பட்டை மெத்தையில் இடித்து முன்னால் தள்ளும். இயர்பட்ஸே வாங்குங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்5 கிடைத்தால் நல்லது. வியர்வையோடு கேஸில் போட்டு மூடாதீர்கள், உப்பு படிந்து சார்ஜ் பின் கெட்டுவிடும். உங்கள் இடது பக்கமும் சார்ஜ் ஏறாமல் கிடக்கிறதோ என்னவோ, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பின்னைத் துடைத்துப் பாருங்கள்.

கோவை ஓட்டக்காரன்:
துடைத்தும் அசையவில்லை அக்கா. சரி, இயர்பட்ஸ்தான். இன்னொன்று, போன் கண்டக்‌ஷனில் காது கெடாது என்கிறார்களே?

ஈசிஆர் சைக்கிள்:
அதை நம்ப வேண்டாம். அதிர்வு கன்ன எலும்பு வழியாகப் போவதால் செவிப்பறையைத் தாண்டிவிடும், உண்மைதான். ஆனால் போய்ச் சேருவது அதே உள்காதுதான். அலறவிட்டால் அதுவும் கெடுக்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. எந்த ஹெட்போனுக்கும் அதுதான்.

இயர்பட்ஸ் எடுத்தால் ஜிம்மில் இரண்டையும் மாட்டுங்கள், ரோட்டில் ஒன்று போதும். எதிரே வண்டி வருகிற மாதிரி வலது ஓரமாக ஓடினால் வண்டிகள் உங்கள் இடது கைப் பக்கம் வரும், அதனால் வலது காதில் மட்டும் மாட்டுங்கள். மொபைல் செட்டிங்கில் அக்சசிபிலிட்டிக்குள் மோனோ ஆடியோ என்று இருக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள், இரண்டு பக்க ஒலியும் ஒரே காதில் சேர்ந்து வரும். பழைய ஸ்டீரியோ பாட்டுகளில் ஒரு வாத்தியத்தை ஒரே பக்கத்தில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். மோனோ இல்லாவிட்டால் வயலின் ஒரு காதோடு போய்விடும்.