அட்டையில் மூன்று, கையில் ஒன்று: பிசினஸ் கிளாஸில் சாப்பாடு கேட்கும் முறை சரிதானா?

கோத்தகிரிக்காரன்
என் அம்மா சுத்த சைவம். தங்கையைப் பார்க்க லண்டனுக்குப் போனார். வயதாகிவிட்டதே, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகட்டும் என்று பிசினஸ் கிளாஸில் அனுப்பினோம். மெனு அட்டையில் கோழி, மீன், பனீர் என்று மூன்று. பணிப்பெண் முதல் வரிசையிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் அம்மாவிடம் குனிந்து, பெயர் சொல்லி, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றிருக்கிறார். அம்மா பனீர் என்று சொன்ன பிறகுதான், "மன்னிக்கவும், தீர்ந்துவிட்டது. மீன் இருக்கிறது." அம்மா ரொட்டியும் பழமும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். கையில் இல்லாததை எதற்குக் கேட்க வேண்டும்? நிறுவனத்தின் பெயரை விடுங்கள், முறை சரியா என்பதுதான் என் கேள்வி.

பூம்பாறை
இங்கே பஸ் ஒரு நாள் வராவிட்டால் சந்தைக்குப் போகிறவர்கள் பட்டினி. நீங்கள் பனீருக்கு அழுகிறீர்கள்.

கோத்தகிரிக்காரன்
பஸ் வராததற்கும் நான்தான் அழுகிறேன் ஐயா. இரண்டையும் சேர்த்தே அழலாம்.

வட்டக்கானல்
கொடைக்கானலில் விடுதி நடத்த வருமுன் பல ஆண்டுகள் விமானக் கேபினில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவள் நான். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லுமுன் இதைக் கேளுங்கள். எல்லா இருக்கைக்கும் மூன்று வகையும் ஏற்றுவதில்லை. முந்தைய பயணங்களின் கணக்கைப் பார்த்து இத்தனை கோழி, இத்தனை பனீர் என்று பிரித்து ஏற்றுவார்கள். இடமும் எடையும் ஒரு காரணம். மிஞ்சிய உணவு அடுத்த காரணம். வெளிநாட்டு விமானத்தில் மிஞ்சுவதைப் பல நாடுகளில் அழித்தே ஆக வேண்டும். அன்றைக்குக் கோழி சாப்பிடுகிறவர்களும் பனீர் கேட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். அதற்காகத்தானே சிறப்பு உணவு இருக்கிறது? பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன் ஆசிய சைவ உணவு என்று பதிவு செய்தால், அது உங்கள் அம்மாவின் பெயரிலேயே ஏறும், யாரும் எடுக்க முடியாது. பதிவு செய்யாதது உங்கள் வீட்டுத் தவறு.

கோத்தகிரிக்காரன்
அட்டையில் பனீர் என்று அச்சடித்துவிட்டு, அதை நம்பியவன் தவறு செய்தான் என்கிறீர்கள். நல்ல நியாயம்.

லவ்டேல்
மாதம் தவறாமல் பறப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வரிசைப்படி கேட்பதுதான் கோளாறு. அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மற்றவர்களிடம் வரும் நிறுவனங்கள் உண்டு. வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள அதுதான் வழி.

கோத்தகிரிக்காரன்
அப்படியானால் என் அம்மாவுக்கு மீன்கூடக் கிடைத்திருக்காது.

வட்டக்கானல்
ஒரு காலத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. விமான எண் இரட்டைப்படை என்றால் முன்னாலிருந்து கேட்பார்கள், ஒற்றைப்படை என்றால் பின்னாலிருந்து. கடைசி வரிசைக்காரருக்குத் திரும்பி வரும்போதாவது முறை வரும். லவ்டேல் சொல்லும் முறையில் அதற்கும் இடமில்லை.

குன்னூர் மேசை
ஊட்டியிலும் குன்னூரிலும் ஓட்டல் மேசைகளில் பரிமாறியே தலை நரைத்தவன் நான். எங்களுக்கு முதல் பாடம்: ஆர்டர் எடுக்குமுன் சமையலறைக்குப் போய் எது எத்தனை தட்டு இருக்கிறது என்று பார். மட்டன் இரண்டே தட்டு என்றால் மட்டன் என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். வாயில் வராததை விருந்தாளி கேட்க மாட்டார். தேவைப்படும் மேசைக்கு அந்த இரண்டு தட்டும் போகும். "இல்லை" என்று சொல்லும் நிலைக்கு வருவதே பரிமாறுகிறவனுக்கு இழுக்கு.

பூம்பாறை
ஒளித்துவைத்து வேண்டியவருக்குக் கொடுப்பதற்கு ரேஷன் கடையில் வேறு பெயர்.

குன்னூர் மேசை
வேண்டியவருக்கு அல்ல தம்பி, தேவைப்படுகிறவருக்கு. பல் இல்லாத பெரியவருக்கு மென்மையான கறியை எடுத்துவைப்பது ஊழலா?

வட்டக்கானல்
உங்கள் வித்தை விமானத்தில் செல்லாது அண்ணா. அட்டையைக் கையில் கொடுத்த பிறகு எதை ஒளிப்பது? ஆனால் சமையலறைக்குப் போய் எண்ணிப் பார் என்றீர்களே, அது செல்லும். எங்களிடம் இருக்கை எண் போட்ட தாள் ஒன்று இருக்கும். பக்கத்தில் எழுதிக்கொண்டே வருவோம். நல்ல குழுவாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் இரண்டாம் விருப்பத்தையும் கேட்டு, முதல் விருப்பத்துக்குக் கீழே சிறிதாகக் குறிப்பார்கள். கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் பங்கு பிரிப்பது. "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொன்னவரிடம் இருந்த பனீர் சைவம் சாப்பிடுகிறவருக்கு மாறும். பதிலுக்குக் கோழி வந்தாலும் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

கோத்தகிரிக்காரன்
இதைத்தான் முதலிலேயே கேட்டேன்! அந்தப் பெண் அப்படிச் செய்யவில்லையே.

வட்டக்கானல்
செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ந்துவிட்டது என்று முதலிலேயே அறிவித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்கிறீர்களே, அதற்கு உடன்பட மாட்டேன். கேட்டதும் "மீன் மட்டும்தான்" என்று ஆரம்பித்தால் மிச்சத்தைத் தள்ளுகிறார்கள் என்றே பயணி நினைப்பார்.

கோத்தகிரிக்காரன்
நினைக்கட்டுமே, உண்மை அதுதானே. ஆசை காட்டிப் பறிப்பதைவிட அது மேல்.

லவ்டேல்
இவ்வளவு சண்டை எதற்கு? மேலே போனால் எதுவும் ருசிக்காது. லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010-இல் சோதித்துப் பார்த்தது. கேபினின் குறைந்த காற்றழுத்தத்தில் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்குகின்றன.

குன்னூர் மேசை
கேபின் காற்று பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம் என்கிறார்கள். குன்னூரே 6,000 அடி, ஊட்டி 7,000-க்கு மேல். நாங்கள் பிறந்ததிலிருந்து அந்த அழுத்தத்தில்தான் சாப்பிடுகிறோம், ருசிக்குக் குறைவில்லை. வறண்ட காற்றையும் இரைச்சலையும் சொல்லுங்கள், உயரத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

வட்டக்கானல்
அண்ணன் சொல்வதில் பாதி சரி. மூக்கு காய்ந்தால் மணம் போய்விடும். அதைவிட முக்கியம், எல்லாம் தரையில் சமைத்துக் குளிரவைத்து, மேலே அடுப்பில் சூடாக்குவது. மீன் துண்டு ஓரத்தில் சுருண்டு நார்நாராகிவிடும். குழம்பில் கிடப்பது தப்பிக்கும். அட்டையில் எவ்வளவு அலங்காரமாக எழுதியிருந்தாலும், "இன்றைக்கு எது நன்றாக இருக்கிறது?" என்று பணிப்பெண்ணிடம் கேளுங்கள். தட்டுகளைத் திறந்து பார்த்தவர் அவர். பெரும்பாலும் குழம்பைத்தான் காட்டுவார்.

பூம்பாறை
ஆக, காசு கொடுத்தவன் பணிப்பெண் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

கோத்தகிரிக்காரன்
அம்மா திரும்பி வரும் பயணத்துக்கு சிறப்பு உணவு பதிவு செய்துவிட்டேன். வட்டக்கானல் அம்மையீர், ஒரு சந்தேகம். அட்டையில் இருக்கும் இனிப்பு அதோடு வருமா?

வட்டக்கானல்
பெரும்பாலும் வராது, பழம் வைத்துவிடுவார்கள். இனிப்பு வேண்டும் என்று அம்மா வாய்விட்டுக் கேட்க வேண்டும். மிச்சம் இருந்தால் கொடுப்பார்கள். அதில் முட்டை இருக்கிறதா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.